பங்குனி ஆமையும் நெய்தல் வரைபடமும்: மாணவர் கடற்கரைச் சூழலியல் ஆய்வுகளில் மீனவர் சொல்வழக்கின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

தமிழகக் கடற்கரையின் உயிரினங்களைக் களத்தில் பதிவு செய்து வரைபடமாக்கும் பணியில் மாணவர்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக ஈடுபட்டு வருகின்றனர். இடம், நாள், எண்ணிக்கை ஆகியவற்றைச் செம்மையாகக் குறிக்கும் இவ்வகைப் பதிவுகளில் உயிரினத்திற்கு மீனவர் வழங்கும் பெயர் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அப்பெயர் வெறும் அடையாளச் சொல் அன்று; பருவம், உடலமைப்பு, வாழிடம் பற்றிய செய்தியை உட்கொண்ட சூழலியல் தரவு என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. தொல்காப்பியக் கருப்பொருள் கோட்பாடு, அகநானூற்று நெய்தல் பாடல் ஒன்று, கடலாமை மற்றும் மீன் பெயர்கள், மேட்டூர் நீர்த்தேக்க மீன் பெயர்கள் ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நெய்தல், கருப்பொருள், கடலாமை, மீன் பெயர்கள், வட்டார வழக்கு, களப்பதிவு, மாணவர் ஆய்வு

முன்னுரை

திணைக் கோட்பாட்டை இன்றைய சூழலியலோடு ஒப்பிடும் ஆய்வுகள் தமிழ்த்துறைகளில் பல வெளிவந்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை சங்கப் பாடல்களில் இடம்பெறும் மரம், பூ, பறவை, மீன் ஆகியவற்றைத் தொகுத்து, அவற்றிற்கு இன்றைய பெயர்களைக் காட்டுவதோடு நிறைவுறுகின்றன. மறுபுறம், விலங்கியல், கடல்சார் உயிரியல் துறை மாணவர்கள் கடற்கரையில் நடந்து, கண்ட உயிரினங்களைப் பதிவு செய்து வரைபடமாக்குகின்றனர். முன்னவர் நூலில் நிற்கின்றனர். பின்னவர் மணலில் நிற்கின்றனர். இவ்விரு முயற்சிகளும் சந்திக்க வேண்டிய இடம் மீனவர் நாவில் வழங்கும் பெயர் என்பது இக்கட்டுரையின் கருதுகோள் ஆகும். அப்பெயரைப் பதிவு செய்யவும் ஆராயவும் தமிழாய்வாளருக்கே தகுதி மிகுதி; எனினும் அப்பணி இன்னும் முறையாகத் தொடங்கப்பெறவில்லை.

1. சென்னைக் கடற்கரையில் மாணவர் ஆய்வு

1970களின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேக்கர் நிறுவிய சென்னைப் பாம்புப் பண்ணையைச் சார்ந்த இளைஞர்கள், இரவு வேளைகளில் கடற்கரையில் நடந்து கடலாமைகளின் முட்டைக் குழிகளைக் கண்டறியத் தொடங்கினர். அவர்களுள் ஒருவர் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் பயின்ற சதீஷ் பாஸ்கர். பின்னாளில் இந்தியக் கடற்கரையின் நீண்ட பகுதிகளைக் கால்நடையாகவே அளந்து, எந்தக் கரையில் எந்த ஆமை முட்டையிடுகிறது என்பதைப் பதிவு செய்தவர் அவர். 1982ஆம் ஆண்டு பருவமழைக் காலத்தில், லட்சத்தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த சுஹேலியில், ஆளில்லாத் தீவொன்றில் பல மாதங்கள் தனித்துத் தங்கி ஆமைகளை ஆராய்ந்தார். இந்தியக் கடலாமை ஆய்வின் அடித்தளங்களுள் ஒன்று இவ்வாறு மாணவப் பருவ ஆர்வத்தில் எழுந்தது.

இம்மரபின் தொடர்ச்சியாக, 1988ஆம் ஆண்டு முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு சென்னையில் இயங்கி வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் சனவரி தொடங்கி முட்டையிடும் பருவம் முடியும் வரை, நீலாங்கரை, பெசன்ட் நகர் உள்ளிட்ட கரைப்பகுதிகளில் மாணவர்களும் தன்னார்வலர்களும் இரவில் நடக்கின்றனர். மணலில் ஆமை ஏறி இறங்கிய தடத்தைக் கண்டு, குழியைக் கண்டறிந்து, முட்டைகளை எண்ணி, கரையிலுள்ள பொரிப்பகத்திற்கு மாற்றுகின்றனர். குஞ்சுகள் வெளிவந்ததும் கடலில் விடுகின்றனர். நகரத்து விளக்கொளி குஞ்சுகளைத் திசைமாற்றி நிலத்தின் பக்கம் இழுப்பதால் இப்பணி இன்றியமையாததாகிறது. கரையொதுங்கும் ஆமைச் சடலங்களும் குறிப்பில் ஏறுகின்றன. 2025 சனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது, அதன் அளவை உணர்த்தியது கரையில் நடப்போரின் இத்தகைய கண்காணிப்பே.

இத்தகைய பதிவு பொதுவாகக் கொள்ளும் கூறுகள் நாள், நேரம், இடம், இனம், முட்டை எண்ணிக்கை, குஞ்சு எண்ணிக்கை என்பன. இவற்றுள் இனம் என்ற கூறு ஆங்கிலப் பெயரையோ அறிவியற் பெயரையோ பெறுகிறது. தமிழ் நாளிதழ்களும் அதனை அடியொற்றி ‘ஆலிவ் ரிட்லி ஆமை’ என்றே எழுதுகின்றன. அதே கரையில் வலை உலர்த்தும் மீனவர் அவ்வாமைக்கு வழங்கும் பெயர் வேறு. அப்பெயர் பதிவில் ஏறாமையால் இழக்கப்படுவது என்ன என்பதே இங்கு எழும் வினா.

2. தொல்காப்பியம் காட்டும் பதிவு நெறி

தொல்காப்பிய அகத்திணையியல் கருப்பொருளின் வகைகளாகத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவற்றைச் சுட்டி, பிறவும் அவ்வகையினவே என அமைகிறது. இங்குக் கருதத்தக்கது, தொல்காப்பியர் வகைகளை மட்டுமே கூறுகிறார் என்பதாகும். நெய்தலுக்குச் சுறா, புன்னை, ஞாழல் முதலியவற்றை வகுத்துரைக்கும் பட்டியல்கள் உரையாசிரியர்களாலும் நம்பியகப்பொருள் போன்ற பிற்கால நூல்களாலும் தரப்பட்டவை. இலக்கணம் தந்தது நிரப்பப்பட வேண்டிய அட்டவணை. அதனை நிரப்பும் பொறுப்பு நிலத்தைக் கண்டோருடையது. இன்றைய களப்பதிவுத் தாளின் அமைப்பும் இதுவே.

இதனையடுத்து வரும் நூற்பா இன்னும் முதன்மையானது. ஒரு நிலத்திற்குரிய பூவும் பறவையும் அந்நிலத்தோடும் பொழுதோடும் பொருந்தாமல் பிறிதொரு நிலத்தில் வருமாயின், வந்த நிலத்திற்கு உரியனவாகவே அவற்றைக் கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. உரையாசிரியர்கள் இதனைக் கருப்பொருள் மயக்கத்திற்கான விதியாக விளக்குவர். செய்யுள் நெறியாக அமைந்த இவ்விதியைப் பதிவு நெறியாகவும் படிக்க இடமுண்டு. ஓர் உயிரினம் எங்கு இருக்க வேண்டும் என்ற முன்முடிவைக் காட்டிலும், எங்குக் காணப்பட்டது என்பதே பதிவுக்கு அடிப்படை. வலசைப் பறவை, வழிதவறிய திமிங்கிலம், புதிதாகப் பரவும் மீன் ஆகியவற்றைப் பதியும் இன்றைய ஆய்வாளரும் இந்நெறியையே பின்பற்றுகின்றனர். பெயரைப் பதியும்போதும் இந்நெறி வேண்டும்: நூல் தரும் பெயரை அன்று, கண்ட கரையில் கேட்ட பெயரையே எழுத வேண்டும்.

3. அகநானூறு 160: கண்டதும் புனைந்ததும்

குமிழி ஞாழலார் நப்பசலையார் பாடிய அகநானூற்று 160ஆம் பாடல், கடலாமை முட்டையிடுதலைச் சித்திரிக்கும் அரிய நெய்தல் பாடலாகும். நிறைசூல் கொண்ட ஆமை, அடும்புக்கொடி சிதையுமாறு மணல்மேட்டின் பக்கத்தை அடைந்து, முட்டைகளை இட்டு மணலில் மறைத்துப் புதைக்கிறது. அம்முட்டைகள் தந்தத்தால் செய்த வட்டுப் போன்ற வடிவும் புலால் நாற்றமும் உடையன. குஞ்சுகள் வெளிப்படும் வரை ஆண் ஆமை அவற்றைக் காத்திருப்பதாகப் பாடல் கூறுகிறது.

இப்பாடலின் செய்திகளைக் களப்பதிவோடு ஒப்பிடும்போது மூன்று நிலைகள் புலனாகின்றன. முதலாவது, முழுதும் பொருந்துவன. அலைநீர் எட்டாத மேட்டு மணலை ஆமை தேர்ந்தெடுப்பதும், குழியை மூடி மறைப்பதும், முட்டை வெண்மையும் உருண்டை வடிவும் கொண்டிருப்பதும் இன்றும் காணத்தக்கவை. இரண்டாவது, வாழிடக் குறிப்பு. அடும்புக்கொடி படரும் மணல்மேடு என்பது முட்டையிடும் கரையின் அடையாளமாகப் பாடலில் அமைகிறது. மணல்மேடு சமன்செய்யப்பட்டு, கொடி அகற்றப்பட்டு, நடைபாதையும் விளக்கும் அமைந்த கரைகளில் இவ்வடையாளம் மறைந்துவிட்டது. ஆகவே முட்டைக் குழியைப் பதியும் மாணவர் அதனைச் சூழ்ந்துள்ள கொடியையும் பதிதல் பயன் தரும் என்பதைப் பாடல் உணர்த்துகிறது. மூன்றாவது, பொருந்தாதது. ஆண் கடலாமை முட்டையைக் காப்பதில்லை. முட்டையிட்ட பெண்ணும் அன்றிரவே கடல் திரும்பிவிடுகிறது. ஆணின் காவலை உள்ளுறையாகவே கொள்ள வேண்டும்.

இவ்வேறுபாட்டை மறைத்து, சங்கப் புலவர் கூறிய யாவும் அறிவியல் என்று நிறுவ முயல்வது பாடலுக்கும் அறிவியலுக்கும் ஒருங்கே தீங்கு செய்வதாகும். கண்டதையும் புனைந்ததையும் பிரித்தறிவதே இலக்கிய ஆய்வாளர் சூழலியலுக்கு ஆற்றக்கூடிய முதற்பணி.

4. கடலாமைப் பெயர்கள் தரும் செய்தி

இந்தியக் கடற்பரப்பில் ஐந்து வகைக் கடலாமைகள் காணப்படுகின்றன. அவை அனைத்தும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இடம்பெற்றவை. அவற்றிற்குத் தமிழகக் கரைகளில் வழங்கும் பெயர்களை அமைப்பு நோக்கில் மூவகைப்படுத்தலாம்.

அ) அளவுப் பெயர்கள்: ஓட்டாமைகளுள் மிகப் பெரியது பேராமை; சிறியது சிற்றாமை. சிற்றாமையே நாளிதழ்கள் ஆலிவ் ரிட்லி எனக் குறிப்பது. பெருமை, சிறுமை என்னும் பண்படியாகப் பிறந்த இப்பெயர்கள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி அமைந்தவை. ஒன்றை அறியாமல் மற்றொன்றின் பொருள் நிறைவுறாது.

ஆ) உடலமைப்புப் பெயர்கள்: முதுகில் நெடுகச் செல்லும் ஏழு வரம்புகளால் ஏழுவரி ஆமை பெயர் பெற்றது. அழுங்காமை என்னும் பெயரில் உள்ள அழுங்கு என்பது எறும்புதின்னியைக் குறிக்கும் சொல். எறும்புதின்னியின் உடலில் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று ஓடு வேய்ந்தாற்போல் படிந்திருக்கும். இவ்வாமையின் முதுகோட்டுத் தகடுகளும் அவ்வாறே படிந்துள்ளன. ஆங்கிலப் பெயர் இதன் அலகைப் பருந்தின் அலகோடு ஒப்பிட, தமிழ்ப்பெயர் ஓட்டை நிலத்து விலங்கோடு ஒப்பிடுகிறது என்று கொள்ள இடமுண்டு. அலகினை நோக்கியது ஒரு கண். ஓட்டினை நோக்கியது மற்றொரு கண்.

இ) பருவப் பெயர்: சிற்றாமைக்கு வழங்கும் மற்றொரு பெயர் பங்குனி ஆமை. தமிழகக் கரையில் இவ்வாமை தை முதல் பங்குனி வரை முட்டையிடுகிறது. முட்டை பொரிய ஏறத்தாழ 45 முதல் 60 நாள் ஆகும். எனவே, பிந்தி வந்த ஆமைகள் முட்டையிடுவதும், முந்தி இட்ட முட்டைகளிலிருந்து குஞ்சுகள் வெளிவருவதும் ஒருசேரக் காணப்படும் மாதம் பங்குனி.

இப்பருவப் பெயரின் பயன் சொல்லாராய்ச்சியோடு நிற்பதன்று. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் நடைமுறையில் உள்ளது. ஏப்ரல் 15 பெரும்பாலும் சித்திரை 2ஆம் நாள். அதாவது பங்குனி முடிந்தபின் தடை தொடங்குகிறது. ஆமைகள் கரையை அணுகித் திரியும் தை, மாசி, பங்குனி மாதங்கள் முழுவதும் தடைக்காலத்திற்கு வெளியே அமைகின்றன. மீன்களின் இனப்பெருக்கத்தைக் கருதி வகுக்கப்பட்ட தடை ஆமையின் பருவத்தைக் காவாது என்பதை, மீனவர் வழங்கும் பெயரையும் தமிழ் மாதக் கணக்கையும் அருகருகே வைத்தாலே உணரலாம். ஆலிவ் ரிட்லி என்னும் பெயர் இச்செய்தியைத் தாராது. நிறமும் ஓர் ஆங்கிலச் சொல்லும் மட்டுமே அதில் உள்ளன.

5. பெயர் மயக்கமும் இடக்குறிப்பின் தேவையும்

மீனவர் பெயர்களைப் பதிவில் ஏற்றுவதற்கு எதிராகக் கூறப்படும் முதன்மையான தடை, அவை நிலையற்றவை என்பது. இத்தடையில் உண்மை உண்டு. சென்னையில் வஞ்சிரம் எனப்படும் மீன் தென்பாண்டிக் கரையில் சீலா எனவும் குமரிப் பகுதியில் நெய்மீன் எனவும் வழங்கும். சென்னையிலோ சீலா என்பது கூரிய பற்களும் நீண்ட உடலும் கொண்ட வேறொரு மீன். அதனைத் தென்கரையினர் ஊளி என்பர். எனவே ‘சீலா கிடைத்தது’ என்ற பதிவு, எந்தக் கரையில் கேட்டது என்ற குறிப்பின்றி நின்றால் பிழையான வரைபடத்தையே தரும். கானாங்கெளுத்தி, கும்பளா, அயிலை என்பன ஒரே மீனின் கரைவேறுபாட்டுப் பெயர்கள். மத்தி, கவலை, சாளை ஆகியனவும் இவ்வாறே வட்டாரந்தோறும் மாறி வழங்குகின்றன.

ஆயினும் இம்மயக்கம் பெயரை விலக்குவதற்குக் காரணமாகாது. வட்டார வழக்கை ஆராய்வோர் சொல்லை இடத்தோடும் பேசுவோரோடும் சேர்த்தே பதிவர். அந்நெறியைக் கையாண்டால் மயக்கமே தரவாக மாறும். சீலா என்னும் பெயர் எந்த ஊர் வரை ஒரு மீனையும், எந்த ஊர் முதல் மற்றொரு மீனையும் குறிக்கிறது என்று வரையும் எல்லைக்கோடு, மீனவர் இடப்பெயர்வு, மண உறவு, சந்தைத் தொடர்பு ஆகியவற்றின் எல்லையையும் காட்டக்கூடும். உயிரின வரைபடத்தின் மேல் இத்தகைய சொல் வரைபடத்தைப் பொருத்துவது தமிழ்த்துறை மாணவரால் இயலும் பணி.

6. உயிரினம் அரிதாகிய பின் எஞ்சும் பெயர்

பட்டினப்பாலை, பரதவர் சினைச்சுறாவின் கொம்பினை மணலில் நட்டுத் தெய்வமாக வழிபட்டதைக் கூறுகிறது. பொதுவான சுறாவிற்குக் கொம்பு இல்லை. இருபுறமும் பற்கள் வரிசையாக அமைந்த நீண்ட முகமுனையை உடைய வேளா மீனுக்கே இக்குறிப்பு பொருந்தும். வேளா இனங்கள் 2001ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இன்று இவை வலையில் படுவது மிக அரிது. முதிய மீனவர் பெயரையும் உருவையும் அறிவர். அவர்தம் பேரர் பெயரை மட்டும் கேட்டிருத்தல் கூடும். அடுத்த தலைமுறைக்குப் பெயரும் எட்டாது போகலாம். ஒரு கரையில் எத்தனை வயதினர் வேளாவைக் கண்ணாற் கண்டவர் என்ற வினாவே அம்மீன் அக்கரையிலிருந்து மறைந்த காலத்தை ஏறத்தாழக் காட்டிவிடும். ஆமை நடையும் மீன் இறங்குதளப் பதிவும் இன்று உள்ளதையே பதிய வல்லன. முன்பு இருந்ததைப் பதிய நினைவும் சொல்லுமே உள்ளன.

ஊர்ப்பெயரும் இவ்வகைச் சான்றாகும். சிதம்பரத்தின் பழம்பெயரான தில்லை, கண்ணிற் பட்டால் ஊறு செய்யும் பாலையுடைய அலையாத்தி மரத்தின் பெயர். அம்மரம் இன்று அருகிலுள்ள பிச்சாவரத்து உப்பங்கழிக் காட்டில் வளர்கிறது. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல்சார் உயிரியல் மையத்தின் மாணவர்கள் இக்கழிமுகச் சூழலைத் தொடர்ந்து ஆராய்ந்து வந்துள்ளனர். தில்லை என்னும் பெயரும் அவர்தம் வரைபடமும் ஒரே நிலத்தின் இருவேறு காலப் பதிவுகளாகும்.

7. உள்நாட்டுச் சான்று: மேட்டூர் நீர்த்தேக்கம்

பெயரைச் சூழலியல் சான்றாகக் கொள்ளும் இந்நெறி கடற்கரைக்கு மட்டும் உரியதன்று. சேலம் மாவட்டத்தில், மேச்சேரிக்கு அருகில், 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில் பிடிபடும் மீன்களின் பெயர்கள் இதற்குத் தெளிவான சான்று. கெளுத்தி, வாளை, விரால், ஆரால், கெண்டை என்பன தமிழ்ச் சொற்கள். அவை குறிக்கும் மீன்கள் இந்நிலத்து நீர்நிலைகளுக்கு உரியவை. கட்லா, ரோகு, மிர்கால் என்பன வடமாநில மொழிகளிலிருந்து வந்த சொற்கள். அம்மீன்களும் கங்கைச் சமவெளியிலிருந்து கொணர்ந்து விடப்பட்டவையே. ஆப்பிரிக்காவிற்குரிய திலாப்பியா 1952இல் இலங்கை வழியாக இந்தியாவிற்கு வந்தது. தமிழில் அது இனிப்புப் பண்டத்தின் பெயரேற்று ஜிலேபிக் கெண்டை ஆயிற்று. புதிய மீனைப் பழைய கெண்டையின் இனமாக மக்கள் வகைப்படுத்தியதையும், அதனை அயலது என அடையால் வேறுபடுத்தியதையும் இத்தொகைச்சொல் ஒருங்கே காட்டுகிறது.

மேச்சேரி போன்ற வறண்ட சமவெளி ஊர்களைச் சார்ந்த தமிழ் மாணவர்க்குக் கடற்கரை தொலைவில் உள்ளது. எனினும் மேட்டூரில் தேங்கி வெளியேறும் காவிரி நீரும் அது சுமக்கும் வண்டலும் கழிமுகத்தின் உயிர்வாழ்வோடு தொடர்புடையவை. நீர்த்தேக்க மீனவரிடம் பெயர் சேகரிக்கக் கற்ற மாணவர், அதே நெறியோடு ஆற்றின் போக்கில் பூம்புகார் வரை சென்று பதிய இயலும். முல்லை, மருதம், நெய்தல் ஆகியவற்றை ஒரே நீர்வழியில் இணைக்கும் ஆய்வாக அது அமையும்.

8. பதிவு நெறிக்கான முன்மொழிவு

மேற்கண்ட சான்றுகளின் அடிப்படையில், மாணவர் களப்பதிவுத் தாளில் சேர்க்கத்தக்க கூறுகள் வருமாறு:

1. உயிரினத்தின் நிழற்படம் அல்லது உடற்பகுதி காட்டி, மீனவர் சொன்ன பெயரை அவர் ஒலித்தவாறே எழுதுதல்.
2. பெயர் கேட்ட ஊர், கரைப்பகுதி, நாள். தமிழ் மாதமும் உடன் குறித்தல்.
3. சொன்னவரின் வயதுப் பிரிவு, தொழில்வகை. கரைவலை இழுப்பவரும் விசைப்படகில் செல்பவரும் வேறுவேறு உயிரினங்களை அறிவர். தனியாளின் பெயரை வெளியிடத் தேவையில்லை.
4. பெயர்க்காரணத்தைத் தனியே எழுதுதல்; சொன்னவர் தந்த விளக்கத்தையும் ஆய்வாளர் ஊகத்தையும் கலவாதிருத்தல்.
5. அப்பெயருடைய உயிரினத்தை அவர் இறுதியாகக் கண்ட காலம்.
6. ஆங்கிலப் பெயரோடு பொருள் ஒத்த தமிழ்ப்பெயர்களை முதியவரிடத்தும் இளையவரிடத்தும் கேட்டு ஒப்பிடுதல். பெருந்தலை ஆமை போன்ற பெயர்களை மரபுவழக்காகவோ அண்மைக்கால மொழிபெயர்ப்பாகவோ தீர்மானிக்கும் முன் இச்சோதனை தேவை.

நான்காம் கூறு தனிக்கவனம் பெற வேண்டியது. கேட்டவுடன் இனிமையாகத் தோன்றும் பெயர்க்காரணங்கள் பல, சொல் வழக்கிற்கு வந்த பின்னர்ப் புனையப்பட்டவை. அவற்றைச் சூழலியல் சான்றாக ஏற்பது அகநானூற்று ஆண் ஆமையின் காவலை உயிரியல் உண்மையாகக் கொள்வதற்கு ஒப்பாகும். பெயர் தரும் செய்தி களத்தில் காணும் செய்தியோடு பொருந்தும்போது மட்டுமே அது சான்றாகும்.

முடிவுரை

மாணவர் கடற்கரை ஆய்வுகள், எங்கு, எப்போது, எத்தனை என்னும் வினாக்களுக்கு விடை தந்துள்ளன. அக்கரையில் வாழ்வோர் அதனை என்னவென்று அறிந்தனர் என்னும் வினா எஞ்சியுள்ளது. தொல்காப்பியம் வகைகளைத் தந்து, காணப்பட்ட நிலத்திற்கு உரியதாகக் கொள்ளும் நெறியையும் வகுத்தது. அகநானூற்றுப் பாடல் களக்காட்சியையும் கவிதைக் கூற்றையும் பிரித்தறியும் பயிற்சியைக் கோருகிறது. பங்குனி ஆமை என்னும் பெயர், தடைக்காலம் காவாத மூன்று மாதங்களைச் சுட்டுகிறது. சீலா என்னும் பெயர் இடக்குறிப்பின் இன்றியமையாமையை உணர்த்துகிறது. வேளா என்னும் பெயர் மீனுக்குப் பின்னும் சிலகாலம் வாழ்கிறது. மேட்டூரின் கட்லா வந்தேறிய மீனோடு வந்தேறிய சொல்லாக நிற்கிறது.

பெயர்களை அறிந்த முதிய தலைமுறை கரையில் இருக்கும் காலம் குறுகி வருகிறது. ஆமைத் தடத்தைத் தேடி இரவில் நடக்கும் உயிரியல் மாணவரோடு தமிழ் மாணவரும் நடந்து, விடியலில் வலை பிரிக்கும் முதியவரிடம் பெயர் கேட்டு எழுதுவாராயின், நெய்தலின் கருப்பொருள் பட்டியல் உரையாசிரியர் காலத்திற்குப் பின் மீண்டும் களத்திலிருந்து நிரப்பப்படும்.